இந்தோனேசியக் கிராமவாசிகள் எல்லாரும் கோடீஸ்வரர்களா?

'இந்தோனேசியாவில் ஒவ்வொரு கிராமத்துக்கும் அரசு வருடம் 100 கோடி கொடுக்கிறது, அதனால் அங்கே விவசாயி வேலைக்கே போக வேண்டாம்' என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நம்ப வேண்டாம்.

பணம் கொடுப்பது நிஜம். 2014-ஆம் ஆண்டின் கிராமச் சட்டப்படி 2015 முதல் 'டானா டேசா' என்ற கிராம நிதி வழங்கப்படுகிறது. ஒரு கிராமத்துக்குச் சராசரியாகக் கிட்டத்தட்ட 100 கோடி வந்த ஆண்டுகளும் உண்டு. ஆனால் அது இந்தோனேசியப் பணமான ருபியா கணக்கு. நம் பணத்தில் சுமார் 50 லட்சம்தான்! அதையும் யார் கையிலும் பங்கு போட்டுக் கொடுப்பதில்லை. கிராமக் கூட்டத்தில் பேசி, ரோடு, வாய்க்கால், குடிநீர், தாய் சேய் நல மையம் என்று செலவழிக்கிறார்கள். வரவு செலவைப் பெரிய பேனரில் அச்சடித்து ஊர் அலுவலகத்துக்கு முன்னால் கட்டி வைப்பார்கள், போகிற வருகிறவர்கள் படிக்கலாம். நல்ல ஏற்பாடு அது. கொரோனா வந்த பிறகு மிக ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும் இதிலிருந்து மாதம் 3 லட்சம் ருபியா உதவித்தொகை வந்தது. நம் பணத்தில் இரண்டாயிரத்தைக்கூடத் தொடாது.

சரி, விவசாயி நிலைமை என்ன? அங்கே பாதிக்கும் மேற்பட்ட விவசாயக் குடும்பங்களிடம் அரை ஹெக்டேர் நிலம்கூட இல்லை. நெல் விளைந்தாலும் அதை வைத்து வருடம் முழுக்க ஓட்ட முடியாது. அதனால்தான் ஜாவா கிராமத்துப் பெண்கள் பலர் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு ஹாங்காங், தைவான் வீடுகளில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் பல வீடுகளில் பள்ளிக் கட்டணம் கட்டப்படுகிறது.