ரேவன்லாஃப்ட் கோட்டையை ஒருமுறைதான் ஆட முடியுமா?

ரேவன்லாஃப்ட் என்பது, வீரர்கள் கதாபாத்திரங்களாக நடித்து ஆடும் 'டன்ஜன்ஸ் & டிராகன்ஸ்' மேசை விளையாட்டின் ஒரு சாகசக் கதை. "ரேவன்லாஃப்டை ஒருமுறை ஆடினால் போதும், எது எங்கே என்று தெரிந்துவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கோட்டையின் வரைபடம் மாறாது, அது சரி. மற்றது தவறு.

டிரேசி ஹிக்மனும் லாரா ஹிக்மனும் எழுதி 1983-இல் வந்த மூல சாகசத்திலேயே சீட்டு எடுத்துக் குறி பார்க்கும் கட்டம் உண்டு. அதுவும் சாதாரணச் சீட்டுக்கட்டுதான்! சூரிய வாள், புனிதச் சின்னம், கோட்டையை ஆளும் ரத்தக்காட்டேரிப் பிரபு ஸ்ட்ராட் எழுதிய ஏடு மூன்றும் எங்கே கிடக்கின்றன என்பதை விழும் சீட்டுகள்தான் முடிவு செய்யும். அவ்வளவு ஏன், அந்த ஸ்ட்ராட் எங்கே காத்திருக்கிறான், அவன் திட்டம் என்ன என்பதும் சீட்டைப் பொறுத்ததே. 2016-இல் விளையாட்டின் ஐந்தாம் பதிப்புக்கு வந்த சாகசத்திலோ பொருள்கள் கோட்டைக்கு வெளியே, அதைச் சுற்றியுள்ள பரோவியா நாட்டில் எங்கும் இருக்கலாம்.

இரண்டு முறை ஆடியும் பொருள்கள் ஒரே இடங்களில் இருந்தால், ஆட்டத்தை நடத்தும் உங்கள் டன்ஜன் மாஸ்டர் சீட்டைக் குலுக்கவே இல்லை போலிருக்கிறது.