மேலது, ப. 214

ஆய்வேடு ஒன்றின் 87ஆம் பக்கத்தில் கிடந்த ஓர் அடிக்குறிப்பு என்னுடைய ஒரு வாரத்தைத் தின்றுவிட்டது. ‘மேலது, ப. 214’ என்று இருந்தது, அவ்வளவுதான். மேலது என்றால் முந்தைய அடிக்குறிப்பில் சொன்ன அதே நூல் என்று பொருள். மேலே எந்த நூல் என்று பார்த்தேன். நல்ல வேளையாக அது என் அலமாரியிலேயே இருந்தது. மொத்தம் 96 பக்கங்களே கொண்ட சிறு நூல். 96 பக்க நூலில் 214ஆம் பக்கத்தை எந்தக் கண்கொண்டு பார்த்தீர்கள் என்று ஆய்வாளரை அழைத்துக் கேட்டேன். சற்றும் தயங்காமல், “ஐயா, நான் பார்த்த ஆய்வேட்டிலும் அப்படித்தான் இருந்தது” என்றார்.

அவர் முகத்தில் துளி கள்ளம் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். கருத்தை எடுத்தாண்டது போக, அடிக்குறிப்பையும் சேர்த்தே எடுத்து ஒட்டியிருக்கிறார். அந்த ‘மேலது’ இடம்பெயர்ந்த கணத்திலேயே வேறொருவர் நூலைச் சுட்டத் தொடங்கிவிட்டது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. பத்தியை வெட்டி ஒட்டிப் பழகிய காலத்தில் இந்தச் சொல்லை இறுதிப் படி வரைக்கும் யாருமே பயன்படுத்தக் கூடாது என்று நெறியாளர்களாகிய நாமாவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். நாம் சொல்லவில்லை, வரி இடைவெளி எவ்வளவு, இடப்பக்க ஓரம் எத்தனை அங்குலம் என்பதைத்தான் சொன்னோம்.

விடக்கூடாது என்று அந்தப் பழைய ஆய்வேட்டை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் தேடி எடுத்தேன். அங்கே ‘மேலது’ ஒழுங்காக ஓர் உரைநடை நூலைச் சுட்டியது. நூலகத்தில் அந்நூலை வாங்கி 214ஆம் பக்கத்தைத் திறந்தால் முற்றிலும் வேறு செய்தி. பழைய ஆய்வேட்டுக்காரர் பார்த்தது ஒரு பதிப்பு, எங்கள் நூலகத்தில் இருப்பது மறுஅச்சு. எந்தப் பதிப்பு என்று அவர் எழுதவில்லை. இரண்டு மாலை நேரங்களைச் செலவழித்து 198ஆம் பக்கத்தில் அந்த வரியைப் பிடித்தேன். பிடித்தபின்தான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த வரி நூலாசிரியரின் கருத்தே அன்று. ‘இவ்வாறு சிலர் கூறுவர்’ என்று எடுத்துக்காட்டி, அடுத்த ஒன்றரைப் பக்கத்தில் அவர் அதை மறுத்திருந்தார்.

இது புதிய நோய் அன்று. ‘மெல்லத் தமிழினிச் சாகும்’ என்று பாரதி சொன்னதாக எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம்! அடுத்து வரும் ‘என்றந்தப் பேதை உரைத்தான்’ என்ற அடியையும், தமிழ்த்தாயின் கூற்றாக அமைந்த அப்பாடலில் இது ஒரு வசையாகவே வருகிறது என்பதையும் பார்த்திருந்தால், பேதையின் சொல்லைக் கவிஞரின் தலையில் கட்டியிருப்பார்களா? மேடைப் பேச்சுக்காவது மன்னிப்பு உண்டு. முனைவர்ப் பட்டம் கேட்டு எழுதப்படும் ஏட்டுக்கும் அதே மன்னிப்பைக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

‘பக்க எண் தவறினால் குடியா முழுகிப்போகும்’ என்று கேட்பவர்கள், சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பட்ட பாட்டை அவருடைய தன்வரலாற்றில் படித்துப் பார்க்கட்டும். அந்நூலுக்குப் பழைய உரை எழுதிய நச்சினார்க்கினியர் ஓர் அடியை மேற்கோள் காட்டிவிட்டு ‘என்றார் பிறரும்’ என்று போய்விடுவார். அந்தப் பிறர் யார், எந்த நூல் என்று தேடி இவர் ஏட்டுச்சுவடி ஏட்டுச்சுவடியாக அலைந்தார். நச்சினார்க்கினியர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது: ஓலையில் எழுதினார், படிப்பவர் அந்நூல்களை நெட்டுருவாகவே அறிந்திருப்பார் என்று நம்பினார். கணிப்பொறியும் இணையமும் கையில் இருக்கிற நமக்கு என்ன நியாயம்? மேற்கோளின் அருமை தெரிய வேண்டுமா? தகடூர் யாத்திரை என்ற நூலே இன்று முழுமையாக இல்லை. உரைகளிலும் புறத்திரட்டு என்ற பழம்பாடல் தொகுப்பிலும் மேற்கோளாக நின்ற பாடல்களால்தான் அப்படி ஒன்று இருந்தது என்பதையே நாம் அறிகிறோம்.

பார்க்காத பதிப்பைப் பார்த்ததாக எழுதுவது இன்னொரு கொடுமை. கையில் இருப்பது சென்ற ஆண்டு வாங்கிய மலிவுப் பதிப்பு. துணைநூற்பட்டியலில் இருப்பதோ ‘சிலப்பதிகாரம், உ.வே.சா. பதிப்பு, 1892’. பழைய ஆண்டைப் போட்டால் ஆய்வுக்கு ஒரு கனம் வரும் என்ற நினைப்பு. தொல்காப்பியத்துக்கு நூற்பா எண் மட்டும் தந்துவிட்டு உரையாசிரியர் பெயரை விட்டுவிடுவார்கள். உரையாசிரியர்கள் நூற்பாக்களை ஒரே மாதிரி பகுக்கவில்லை, ஆகவே இளம்பூரணர் உரைப்பதிப்பின் எண்ணும் நச்சினார்க்கினியர் உரைப்பதிப்பின் எண்ணும் பல இடங்களில் ஒத்துப்போகா என்பது இளங்கலையிலேயே தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

பெயர் சங்கதி தனிக்கூத்து. மேனாட்டு மேற்கோள் முறைகள் குடும்பப்பெயரை முன்னால் போடச் சொல்கின்றன. நம்மில் பலருக்குக் குடும்பப்பெயரே கிடையாது, இருப்பது தந்தை பெயரின் தலையெழுத்து. மு. வரதராசனை அந்தக் கட்டத்துக்குள் திணித்தால், ஒரு வரிகூட எழுதாத அவர் தந்தையார் ‘முனுசாமி, வ.’ என்று ஆசிரியராகி நிற்பார். இதில் மாணவரைக் குறை சொல்ல மாட்டேன். தமிழ்ப் பெயருக்கு எதை முன்னிறுத்துவது என்று ஒரு பொது வழக்கை இன்றுவரை உறுதிசெய்யாத நம்மைத்தான் சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் எல்லோருடைய கவலையும், ஆய்வேடு பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற விழுக்காட்டைப் பற்றியது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 60ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே போய்விடும். உரிய முறையில் ஆசிரியரைச் சுட்டிக் காட்டிய மேற்கோள் அந்தக் கணக்கில் சேராது என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது. அதை யார் படிக்கிறார்கள்? மேற்கோள் குறி போட்டு மூலத்தைச் சொல்வதை விட்டுவிட்டு, சொல்லை மாற்றி விழுக்காட்டைக் குறைக்கிறார்கள். ஓர் இயலில் ‘குறுநில மன்னன்’ என்றிருந்ததெல்லாம் ‘குறுநில வேந்தன்’ ஆகியிருந்தது. சேர சோழ பாண்டியராகிய முடியுடை மூவரைக் குறித்த சொல்லை ஒரு சிற்றூர்த் தலைவனுக்குச் சூட்டிவிட்டார்கள். ஒப்புமை பார்க்கும் இயந்திரம் மகிழ்ந்து 7 விழுக்காடு என்று சான்றளித்துவிட்டது. பழைய எழுத்துருவில் தட்டச்சான நூலிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்தாலும் அந்த இயந்திரத்துக்கு அது ஏதோ ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும் என்பது வேறு.

இப்போது செயற்கை நுண்ணறிவைக் கேட்டு நூற்பட்டியல் வாங்குகிறார்கள். ஆசிரியர் உண்மை, பதிப்பகம் உண்மை, நூல் மட்டும் உலகத்தில் இல்லை. அதைப் பற்றி எழுதினால் எனக்கு இரத்தக் கொதிப்பு ஏறும், விட்டுவிடுகிறேன்.

87ஆம் பக்கத்துக்கு வருகிறேன். சிவப்பு மையில் விளக்கமாக எழுதி, 198ஆம் பக்கத்தின் ஒளிப்படியையும் இணைத்து, ஆய்வேட்டைத் திருத்தத்துக்கு அனுப்பினேன். நேற்றுத் திரும்பி வந்தது. அடிக்குறிப்பில் ‘மேலது’ போய்விட்டது. ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பகம், மறுஅச்சு ஆண்டு, ப. 198 என்று ஒரு புள்ளி பிசகாமல் இருக்கிறது. மேலே உள்ள பத்தியை மட்டும் அவர் தொடவே இல்லை; நூலாசிரியர் ஒன்றரைப் பக்கம் மறுத்த கருத்து, அவருடைய துணிபாகவே அங்கே அப்படியே நிற்கிறது.