கோப்பு டாக்டர் எழுதுவது

மேடையில் ஒருவர் "கோப்பு டாக்டர்களை" வறுத்தெடுக்கும் அந்தக் காணொளியை எனக்கு அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பார்த்துவிட்டேன். கைதட்டல் உட்பட முழுவதும் பார்த்தேன். கூடப் படித்தவர்கள், சொந்தக்காரர்கள், பள்ளிக்கூடத்துக்குப் பிறகு பேசியே இராத ஒருவர் என்று ஆளாளுக்கு அனுப்பி, கீழே ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருக்கிறீர்கள். "உன்னைத்தான் சொல்கிறார் போலிருக்கிறதே!" ஆமாம், என்னைத்தான் சொல்கிறார். மருந்தாலும் மருத்துவக் கருவியாலும் யாருக்கு என்ன பாதிப்பு வந்தது என்று அறிக்கைகளைப் பார்த்துச் சொல்லும் டாக்டர் நான்.

பார்க்காதவர்கள் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள் என்பதால் கதைச் சுருக்கம் எழுதப் போவதில்லை. பேசியவர் மூத்த மருத்துவர். கைராசிக்காரர் என்று பெயரெடுத்தவர். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, இதை எழுதும் இந்த நிமிடம்கூட உண்டு. அவர் எழுதிக் கொடுக்கும் ஒரு மருந்துக்குப் புதிய கட்டுப்பாடு வந்ததில் அவருக்குக் கோபம். கோபப்படட்டும், அது அவர் உரிமை. ஆனால் "நோயாளியின் நாடியைத் தொட்டே பல வருஷமான கோப்பு டாக்டர்கள் குளுகுளு அறையில் உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள். நான் 25 வருஷமாக ஆயிரக்கணக்கானவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை" என்றாரே, அங்கேதான் அரங்கம் அதிர்ந்தது. எனக்குச் சுருக்கென்றதும் அங்கேதான்.

ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. சரி ஐயா. உங்களுக்கு எப்படித் தெரியும்?

கிண்டலுக்காகக் கேட்கவில்லை. என் வேலையே இந்தக் கேள்விதான். மருந்து எழுதி வாங்கிப் போனவர் திரும்பி வரவில்லை என்றால் குணமாகிவிட்டார் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அவர் வேறு டாக்டரிடம் போயிருக்கலாம். வேறு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் கிடந்திருக்கலாம். மூட்டு வலிக்கு மாத்திரை சாப்பிட்டவருக்கு மாரடைப்பு வந்தால், மாத்திரை எழுதியவரிடமா வந்து சொல்லிக்கொண்டிருப்பார்? இதய நிபுணரிடம் போவார். 65 வயது, சர்க்கரை, புகைப்பழக்கம்; காரணத்துக்கா பஞ்சம்? அந்த நிபுணரும் மாத்திரையைச் சந்தேகிக்க மாட்டார். நானாக இருந்தாலும் சந்தேகித்திருக்க மாட்டேன்.

இது கற்பனை இல்லை. ரோஃபெகாக்சிப் என்ற வலி மருந்து, வயாக்ஸ் என்ற பெயரில் 1999-இல் விற்பனைக்கு வந்தது. உலகம் முழுக்க எழுதினார்கள். 2004 செப்டம்பரில் தயாரித்த நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. ஏன்? பெருங்குடலில் வரும் பாலிப் கட்டிகளை அது தடுக்குமா என்று பார்க்க ஒரு ஆய்வு நடந்தது. அதில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட, 18 மாதங்களுக்கு மேல் இந்த மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. அதுவரை அதை எழுதிக் கொடுத்த நல்ல மருத்துவர்கள் எத்தனை பேர், கைராசிக்காரர்கள் எத்தனை பேர்! அவர்களில் யாரைக் கேட்டிருந்தாலும் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். எல்லோருக்கும் வரும் நோய் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வந்தால், ஒரு அறைக்குள் உட்கார்ந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. கணக்கில்தான் தெரியும். அந்தக் கணக்கு இருப்பது நீங்கள் கேலி செய்யும் கோப்புகளில்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 3000 பேரிடம் ஒரு மருந்தைச் சோதித்து, அதில் ஒருவருக்குக்கூடக் குறிப்பிட்ட ஒரு பாதிப்பு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாதிப்பே கிடையாது என்று சொல்ல முடியுமா? முடியாது. ஆயிரத்தில் ஒருவருக்கு மேல் வராது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம், அவ்வளவுதான். அதுவும், ஒருவர் விடாமல் அத்தனை பேரையும் தேடிப் பிடித்து விசாரித்திருந்தால். நீங்கள் அப்படி விசாரித்தீர்களா ஐயா?

"நாடியைத் தொடாதவர்கள்" என்பதற்கு வருகிறேன். நான் வார்டை விட்டு இந்த வேலைக்கு வந்தபோது என் பேராசிரியர் ஒருவர், "ஸ்டெதாஸ்கோப்பை யாருக்குக் கொடுக்கப் போகிறாய்?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டிலும் ஒரு சித்தப்பா, "அப்படியென்றால் இனிமேல் நீ டாக்டர் இல்லையா?" என்று நிஜமான கவலையோடு கேட்டார். அவருக்கு விளக்கினேன், புரிந்துகொண்டார். மருத்துவம் படித்தவர்களுக்குத்தான் இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

என் மேசைக்கு வரும் அறிக்கை எப்படி இருக்கும் தெரியுமா? நோயாளியின் பெயரில் முதல் எழுத்துகள் மட்டும். வயது 54. பெண். கண் மஞ்சளாகிவிட்டது. மருந்து தொடங்கிய தேதி இருக்கும். நிறுத்திய தேதி காலி. நிறுத்திய பிறகு என்ன ஆனது என்ற கட்டம் காலி. உடன் எடுத்துக்கொண்ட வேறு மருந்துகள் என்ற கட்டத்தில் "ஆம்" என்று எழுதியிருக்கும். ஆம்! என்ன மருந்து என்று எழுத நேரமில்லை, ஆம் என்று எழுத நேரம் இருந்திருக்கிறது.

இதிலிருந்து நான் தொடங்க வேண்டும். மருந்து தொடங்கி இரண்டாம் நாள் வந்த காமாலையா, ஆறு வாரம் கழித்து வந்ததா? கல்லீரல் பரிசோதனையில் ஏறியிருப்பது எந்த நொதி? வைரஸ் காமாலைக்குப் பார்த்தார்களா? பித்தப்பையில் கல் இருந்ததா? நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டாரா? நிறுத்தியதும் இறங்கியதா, தெரியாமல் மறுபடி கொடுத்ததும் ஏறியதா? இவற்றையெல்லாம் கேட்டுக் கேட்டு வாங்கி, கடைசியில் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில், மருந்தால்தான் இது வந்தது என்பது உறுதியா, பெரும்பாலும் அதுதானா, இருக்கலாமா, வாய்ப்புக் குறைவா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதற்குப் பெயர் மருத்துவம் இல்லை என்றால் எதற்குப் பெயர் மருத்துவம்? வார்டு ரவுண்ட்ஸில் கேட்கும் அதே கேள்விகள்தான். நோயாளி எதிரில் இல்லை, அதனால் வேலை இரட்டிப்பு கடினம்.

ஒரு பம்ப் விவகாரம் சொல்கிறேன், யாருடையது என்று சொல்ல மாட்டேன். ரத்தக்குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்ப். போக வேண்டியதைப்போலப் பல மடங்கு வேகத்தில் மருந்து போயிருக்கிறது. நல்லவேளை, நோயாளி பிழைத்துக்கொண்டார். ஒரு நர்ஸ் இரண்டே வரியில் புகார் எழுதியிருந்தார். தயாரிப்பாளர் தரப்பிலிருந்து அழகாக அச்சடித்த பதில் வந்தது: கருவியில் குறையில்லை, பயன்படுத்தியவரின் பிழை. கோப்பை அத்தோடு மூடியிருக்கலாம். கூட்டத்தில் இருந்த பொறியாளர்களும் மூடிவிடலாம் என்றுதான் நினைத்தார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஐ.சி.யு.வில் இரவுப் பணி பார்த்த எவருக்கும் ஒப்பியிருக்காது. கருவியைக் கொண்டுவரச் சொன்னேன். கையுறை போட்டுக்கொண்டு, கையுறையை நனைத்துக்கொண்டு, நின்றபடி, அவசரத்தில் அழுத்துவதுபோல் அழுத்திப் பார்த்தேன். சில தடவை சரியாக வந்தது. பிறகு 5-ஐ ஒரு தடவை அழுத்தியதற்குத் திரையில் 55 என்று விழுந்தது. அறையில் யாரும் பேசவில்லை. சோதனைக் கூடத்தில் காய்ந்த விரலால், உட்கார்ந்து, நிதானமாக அழுத்திப் பார்த்தவர்களுக்கு அது விழவே இல்லை. அந்த நர்ஸுக்கு விழுந்தது. கோப்பு டாக்டருக்கும் விழுந்தது.

கருவிகள் என்றாலே நம்மில் பலருக்கு அது பொறியாளர் சமாசாரம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியை எடுத்துக்கொள்ளுங்கள். தோலின் நிறம் கருமையாக இருந்தால், ரத்தத்தில் உள்ளதைவிட அதிக ஆக்சிஜன் இருப்பதாக அது காட்டக்கூடும். 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கருவி ஆக்சிஜன் அளவை 92 முதல் 96 சதவீதம் வரை காட்டியபோது, ரத்தத்தில் உண்மையில் 88-க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளை நோயாளிகளில் 4 சதவீதத்துக்கும் குறைவு, கறுப்பின நோயாளிகளில் சுமார் 12 சதவீதம். இந்தச் சந்தேகம் 1990-லேயே அச்சில் வந்துவிட்டது. முப்பது வருஷமாக எத்தனை கோடி விரல்களில் மாட்டினோம்? ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை, இல்லையா?

மாத்திரையையாவது நாளைக் காலையில் நிறுத்திவிடலாம். உடம்புக்குள் வைத்துத் தைத்ததை என்ன செய்வது? உலோகத்தோடு உலோகம் உரசும் செயற்கை இடுப்பு மூட்டு ஒன்று 2010-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 93,000 பேருக்கு வைத்தாகிவிட்டது. திரும்பப் பெறுவது என்றால் அங்கே மறுபடி அறுவை சிகிச்சை. அதைக் காட்டிக்கொடுத்தவை ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் யாருக்கு எந்த மூட்டு வைத்தார்கள், எதை மறுபடி மாற்ற வேண்டி வந்தது என்று யாரோ பொறுமையாக எழுதிவைத்த மூட்டுப் பதிவேடுகள்.

இப்போது எனக்கான பதில்கள் வரும். வரிசையாக எதிர்பார்த்தே உட்கார்ந்திருக்கிறேன்.

"நீங்கள் தாமதம் செய்வதால் மருந்து கிடைக்காமல் செத்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?" இது நியாயமான கேள்வி. இதைத் தள்ளிவிட மாட்டேன். 1988-இல் எய்ட்ஸ் நோயாளிகளும் நண்பர்களும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தை முற்றுகையிட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. அதன் பிறகு நடைமுறைகள் மாறின, மாற வேண்டியிருந்தது. தாமதமும் பாதிப்புதான், அதையும் நாங்கள் கணக்கில் சேர்த்துத்தான் பார்க்கிறோம். ஆனால் அந்த மூத்தவர் பேசிய மருந்து அப்படி வேறு வழியே இல்லாத நோய்க்கானது இல்லை. மாற்று இருக்கிறது. அவருக்கும் தெரியும்.

"நீங்கள் எல்லாம் கம்பெனிகளின் கையாள்." இதற்குப் பதில் சொல்லும் பொறுமை எனக்கு இன்று இல்லை. காலையில் மருந்தை முடக்கிய கொடுங்கோலன், மாலையில் கம்பெனியின் கைக்கூலி. இரண்டில் ஒன்றை முடிவு செய்துவிட்டுச் சொல்லி அனுப்புங்கள்.

"தாலிடோமைடு விபரீதத்தைக் கண்டுபிடித்தவர்கள் நோயாளியைப் பார்க்கும் மருத்துவர்கள்தானே?" ஆமாம். கர்ப்பிணிகள் சாப்பிட்டதால் குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்தார்களே, அந்த மருந்து. கண்டுபிடித்தவர்கள் ஜெர்மனியில் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் மெக்பிரைட். யார் மறுத்தது? ஆனால் அவர்கள் கண்டுபிடித்தது 1961-இன் கடைசியில். அதற்குள் பல நாடுகளில் விற்றாகிவிட்டது, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள் என்பது கணிப்பு. அமெரிக்காவில் அது விற்பனைக்கு வராமல் மேசையில் உட்கார்ந்தபடியே தடுத்தவர் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் ஃபிரான்சிஸ் கெல்சி. 1960-இல் வேலைக்குச் சேர்ந்த புதிது. அவரைப் பற்றி எல்லோரும் மேடையில் பேசுவார்கள். பேசாமல் விடும் ஒரு விஷயம் உண்டு: குழந்தைகளுக்கு நேரப்போவது அவருக்குத் தெரியாது. பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு சிறு கடிதத்தில், இந்த மருந்தைச் சாப்பிட்டவர்களுக்குக் கை கால் மரத்துப்போகிறது என்று ஒரு மருத்துவர் எழுதியிருந்தார். கெல்சி அதைப் படித்துவிட்டு, இதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை, நரம்பைத் தாக்கும் மருந்து கருவை என்ன செய்யும் என்று கேட்டார். நிறுவனத்தார் நச்சரித்தார்கள், மேலதிகாரிகளிடம் புகார் சொன்னார்கள். அவர் அசையவில்லை. எங்கோ ஒருவர் மரத்துப்போன விரல்களைப் பற்றி நாலு வரி எழுதிப் போட்டார், இங்கே ஒருவர் அதைப் படித்தார். எழுதியவரும் மருத்துவர், படித்தவரும் மருத்துவர்.

எனக்கு உண்மையில் வலிப்பது இங்கேதான். கேலியைக்கூடத் தாங்கிக்கொள்கிறேன். அந்த நாலு வரியை எழுதத்தான், நோயாளியைப் பார்க்கும் மருத்துவர்களே, உங்களில் யாரும் தயாராக இல்லை. 12 நாடுகளில் நடந்த 37 ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் ஒரு கட்டுரை வந்தது. பக்கவிளைவுகளில் பதிவாகாமல் போவது, நடுமதிப்பாக, 94 சதவீதம். நூற்றில் 94! அத்தனையும் உங்கள் கண் முன்னால் நடந்தவை. "நேரமில்லை", "இது தெரிந்த பக்கவிளைவுதானே", "வழக்கு வந்துவிடும்", "உறுதியாகத் தெரியவில்லை". உறுதியாகத் தெரிய வேண்டியதில்லை என்று படிவத்தின் தலைப்பிலேயே போட்டிருக்கிறோமே, சந்தேகம் போதும் என்று. உறுதி செய்வது எங்கள் வேலை. கருத்தரங்குகளில் கெஞ்சியிருக்கிறேன். மதிய உணவுக்கு முந்தைய நேரத்தைத்தான் எனக்குத் தருவார்கள், பாதி அரங்கம் எழுந்து போயிருக்கும். அறிக்கை அனுப்பாமல் இருந்துவிட்டு, அறிக்கை இல்லாததையே அத்தாட்சியாகக் காட்டி, ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை என்று மேடையில் சொன்னால், கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் எனக்கு எப்படி இருக்கும்?

அந்தக் காணொளியில் கைதட்டியவர்களில் என் வகுப்புத் தோழர்கள் இருவரைப் பார்த்தேன். இரண்டாவது வரிசையில். அவர்களோடு விடிய விடிய பிரசவ வார்டில் நின்றிருக்கிறேன். போகட்டும்.

பின்னூட்டத்தில் பலர், அந்த மருந்தை உடனே நிறுத்திவிடலாமா என்று கேட்கிறீர்கள். நிறுத்தாதீர்கள். கட்டுப்பாடு வந்திருப்பது எல்லோருக்கும் இல்லை, சில நோய்கள் உள்ளவர்களுக்கும் சில மருந்துகளைச் சேர்த்து எடுப்பவர்களுக்கும் மட்டும். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். ஏதாவது தொந்தரவு இருந்தால் அதைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். பல நாடுகளில் நோயாளிகளே நேரடியாகவும் அனுப்பலாம், ஒரு பக்கப் படிவம்தான். உடன் சாப்பிடும் மருந்துகள் என்ற கட்டத்தில் பெயர்களை எழுதுங்கள். "ஆம்" என்று எழுதாதீர்கள்.