மவுஸைக்கூட எண்ணித்தான் வாங்கினார்கள்

பழைய கம்பெனியில் கடைசி நாளன்று லேப்டாப், சார்ஜர், மவுஸ், ஐடி கார்டு எல்லாவற்றையும் எண்ணி வாங்கிக்கொண்டு ஒரு ஃபாரத்தில் கையெழுத்து போடச் சொன்னார்கள். அதில் 18 வரி இருந்தது. ‘உங்கள் குடும்பத்துக்கான இன்சூரன்ஸ் இன்று இரவோடு முடிகிறது’ என்று பத்தொன்பதாவதாக ஒரு வரி சேர்த்திருந்தால் பேப்பர் ஒன்றும் தீர்ந்துபோயிருக்காது.

புது வேலையில் சேர ஐந்து வாரம் இருந்தது. ஊருக்குப் போய் நாலு நாள் தூங்கலாம் என்று நானே கேட்டு வாங்கிய இடைவெளி. பதினோராவது நாள் பையனுக்குக் காய்ச்சல். மழைக்காலத்து பெங்களூரு, அதிலும் எங்கள் ராமமூர்த்தி நகர், கேட்கவா வேண்டும்? டெங்கு. பிளேட்லெட் 62,000.

ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் டெஸ்கில் இருந்த பெண் கார்டு நம்பரை அடித்தார். மறுபடி அடித்தார். ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஆக்டிவ் தோரிஸ்தில்லா சார்” என்றார் கன்னடத்தில். ஆக்டிவ் என்று காட்டவில்லையாம். கார்டில் மார்ச் வரை என்று போட்டிருப்பதை விரல் வைத்துக் காட்டினேன். என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்தாரோ, “கம்பெனி விட்டுட்டீங்களா?” என்று தமிழிலேயே கேட்டார். 30,000 அட்வான்ஸ் கட்டிய பிறகுதான் பெட். நாலு ராத்திரி, மொத்தம் 83,000 சொச்சம்.

பையன் தேறிவிட்டான், பணம் போனால் போகட்டும். ஆனால் அந்த நாலு ராத்திரியும் பெட் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டு போனில் தேடியதில்தான் எனக்கு வயிறு எரிந்தது.

‘இரண்டு மாதத்துக்கு மட்டும்’ என்று கேட்டால், கண்ணில் பட்டதெல்லாம் ஒரு வருடப் பாலிசி. சரி, ஒரு வருடத்துக்கே எடுத்தாலும் புதுப் பாலிசியில் முதல் 30 நாளுக்கு விபத்தைத் தவிர எதற்கும் கிளைம் கிடையாது. ஐந்து வார இடைவெளிக்கு நாலு வாரக் காத்திருப்பு! பந்தி முடிந்த பிறகு இலை போடுகிற கதை. வீட்டில் யாருக்காவது சுகர், பிபி இருந்தால் அதற்கு 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம். 2024 ஏப்ரலுக்கு முன்பு இது 48 மாதமாக இருந்ததாம், சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

குறுகிய காலப் பாலிசி நடக்காத காரியமா என்றால் அதுவும் இல்லை. 2020-ல் கொரோனா கவச் வந்ததே, மூன்றரை மாதம், ஆறரை மாதம், ஒன்பதரை மாதம் என்று மூன்று அளவில். காத்திருப்பு 15 நாள்தான். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ சொன்னதும் கம்பெனிகள் கொண்டுவந்தன. இத்தனை பேர் வேலை மாறுகிற பெங்களூரு மாதிரி ஊர்களுக்காக அப்படி ஒன்றை ஏன் சொல்லக் கூடாது?

ஆனால் ஒரு வழி இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. கம்பெனியின் குரூப் பாலிசியை விட்டு வெளியேறுகிறவர், அதே இன்சூரன்ஸ் கம்பெனியில் தனிப் பாலிசிக்கோ, வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே தொகையான குடும்ப ஃப்ளோட்டருக்கோ மாறிக்கொள்ள ஐஆர்டிஏஐ விதியிலேயே இடமுண்டு. மைக்ரேஷன் என்பார்கள். குரூப்பில் கழித்த வருடங்கள் காத்திருப்புக் கணக்கில் கழியும். பிரீமியம் நம் கைக்காசுதான், டெஸ்ட் எடுக்கச் சொல்லலாம், கேள்வி கேட்கலாம். அதனால் ராஜினாமா கொடுத்த வாரமே விண்ணப்பித்துவிட வேண்டும், கடைசி நாள் வரை வைத்துக்கொள்ளக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் இல்லை.

இன்னொன்று. சூப்பர் டாப்-அப், அதாவது ஒரு தொகைக்கு மேல் போகிற செலவை மட்டும் ஏற்கிற பாலிசி, இருக்கிறது என்று தெம்பாக இருப்பவர்கள் அந்தத் தொகையை, அதன் டிடக்டிபிளை, ஒரு தரம் பாருங்கள். 5 லட்சம் என்றிருந்தால், கம்பெனி கார்டு போன அன்றிலிருந்து அந்த முதல் 5 லட்சம் உங்கள் பாக்கெட்டிலிருந்து.

நான் நானாக ராஜினாமா செய்து, சொல்லிவிட்டு வந்தவன். மத்தியானம் மீட்டிங்குக்குக் கூப்பிட்டு, சாயங்காலத்துக்குள் மெயிலை முடக்கி அனுப்புகிறார்களே, அவர்கள் எப்போது விண்ணப்பிப்பது? நம்மிடம் மட்டும் 90 நாள் நோட்டீஸ் கேட்பவர்கள் அவர்களுக்கு இன்சூரன்ஸை 90 நாள் நீட்டினால் என்ன? வேலையை விட்டு அனுப்பும்போது தருகிற செவரன்ஸ் தொகையைப் பேசுகிற இடத்தில் சம்பளத்தோடு இதையும் கேளுங்கள். சில இடங்களில் கொடுக்கிறார்கள்.

பழைய டீமில் ஒருத்தர் இப்போது நோட்டீஸில் இருக்கிறார். அப்பாவுக்கு சுகர், போன வருடம் ஸ்டென்ட் வைத்தது. நான் சொல்லித்தான் ஹெச்ஆருக்கு மைக்ரேஷன் கேட்டு மெயில் போட்டார். ‘அப்படி ஒன்று இருக்கிறதா, புரோக்கரிடம் கேட்டுச் சொல்கிறோம்’ என்று நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. அவருக்கு இன்னும் 11 நாள் இருக்கிறது.