லீவு நாளில் பிரெஞ்சு ரெஸ்டாரன்டில் பஃபே எதற்கு?

ஆகஸ்ட் 15 நாடு முழுக்க லீவு, புதுச்சேரிக்கு 16-ம் சேர்த்து லீவு. 1954 நவம்பர் 1-லேயே பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டாலும், சட்டப்படி ஊர் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். அந்த 16-ஆம் தேதி புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில் ஒரு பிரெஞ்சு ரெஸ்டாரன்டில் பத்து, பத்தரைக்கு உட்கார்ந்து மதியம் வரை பிரன்ச் சாப்பிடுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அன்றைக்குச் செலவைப் பற்றி யோசிக்கவே மாட்டேன்.

ஆனால் இப்போதெல்லாம் லீவு வந்தாலே பல இடங்களில் 'பிரன்ச் பஃபே' என்று போர்டு வைத்துவிடுகிறார்கள். இந்தச் சாப்பாட்டுக்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல் அதுதான் என்பேன்.

ஆம்லெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு முறையில் வெண்ணெயில், மேலே சிவக்காமல், உள்ளே கொஞ்சம் கொழகொழப்பாக இருக்கும்போதே சுருட்டித் தட்டில் போட்டுவிடுவார்கள். (வேகவில்லை என்று திருப்பி அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது அப்படித்தான் இருக்க வேண்டும், பிடிக்காதென்றால் நன்றாக வேகவைக்கச் சொல்லி முதலிலேயே கேட்டுவிடுங்கள்.) அதைக் கொண்டுபோய் அடியில் சூடு எரிகிற பாத்திரத்தில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் ரப்பர். க்ரோக் மதாமும் அப்படித்தான், சீஸும் வெள்ளை சாஸும் போட்டுச் சுட்ட ஹாம் சாண்ட்விச்சின் மேல் இருக்கிற முட்டையை உடைத்தால் மஞ்சள் கரு வழிந்து கீழே இறங்க வேண்டும், அதற்காகத்தான் அந்த முட்டையே. பஃபேயில் அது கல்லாகிக் கிடக்கிறது. முட்டையும் க்ரீமும் ஊற்றிச் சுடுகிற கீஷ் மட்டும் ஆறினாலும் தாங்கும்.

அடுக்கடுக்காக உதிரும் பிறை வடிவ ரொட்டியான க்ருவாசோன் கதை இன்னும் மோசம். மாவுக்கு நடுவே வெண்ணெயை வைத்து மடித்து, தேய்த்து, குளிரவைத்து, மறுபடி மடிப்பது. முப்பது டிகிரியை ஒட்டிப் போனாலே வெண்ணெய் இளகி மாவோடு கலந்துவிடும், அடுக்கு வராது. நம் கடற்கரைப் புழுக்கத்தில் ஏசி அறையிலேயே போராடித்தான் இதைச் செய்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டுச் செய்ததை மூடிபோட்ட தட்டில் வைத்து ஆவியில் நமத்துப்போக விட எப்படி மனசு வருகிறது?

பிரெஞ்சுக்காரர்கள் விசேஷ நாளில் சாப்பிடும் முறையை 2010-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. முதலில் ஒன்று, அப்புறம் முக்கிய உணவு, சீஸ், இனிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வருவதும், மேசையைச் சுற்றி எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்திருப்பதும் அதில் அடக்கம். ஒரே தட்டில் பாஸ்தாவையும் கேக்கையும் குவித்துக்கொண்டு நடப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் பால் காபி, பாகெத் என்கிற நீள ரொட்டி, வெண்ணெய், ஜாம், அவ்வளவுதான். "ரொட்டிக்கா இவ்வளவு காசு?" என்று வீட்டில் கேட்பார்கள். நல்ல பாகெத்துக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். பிரான்ஸில் 1993-லிருந்து 'பாரம்பரிய' ரொட்டி என்று விற்க வேண்டுமானால் மாவு, தண்ணீர், உப்பு, புளிக்கவைக்கும் ஈஸ்ட் அல்லது புளித்த மாவு, இவற்றுக்கு மேல் பெரிதாக எதுவும் சேர்க்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு ஒரு முட்டை ஐட்டம், பக்வீட் என்கிற தானியத்தின் மாவில் தோசை மாதிரிச் சுட்ட ஒரு கலேத், இரண்டையும் பகிர்ந்துகொள்வோம். கடைசியில் க்ரெம் கேரமல். பன்றிக்கறி சாப்பிடாதவர்கள் க்ரோக், கீஷ் லொரேன் இரண்டிலும் அது இருக்கும் என்பதால் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

போன முறை ஓர் இடத்தில் இனிப்பு வருவதற்கு முன்பே பில் வந்துவிட்டது, வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்களாம். கூட்டம் புரிகிறது. மெனுவை ஏழெட்டு ஐட்டமாகக் குறையுங்கள், முன்பதிவை நேரம் பிரித்துக் கொடுங்கள், விலையைக்கூட ஏற்றிக்கொள்ளுங்கள், தருகிறேன். ஆம்லெட்டை மட்டும் நான் வந்து உட்கார்ந்த பிறகு போடுங்கள்.