அந்த வெட்டு பிரிண்ட் மிஸ்டேக் இல்ல

கிளாஸ்ல மேப்பையும் கிராஃபையும் எப்படி எடுக்கறதுங்கறது ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே இருந்த விஷயம். ஜியாக்ரஃபி எடுக்கறவங்க கொஞ்ச பேர் இங்க இருக்கீங்க, சண்டைக்கு வந்தாலும் பரவால்ல, வாங்க.

முதல்ல என் மானம் போன கதை. வேலைக்கு சேர்ந்த புதுசு, மக்கள் தொகை பிரமிடு பாடம். அதாவது எந்த வயசுல எத்தன பேருன்னு கீழேர்ந்து மேல கோடு கோடா அடுக்கின படம், ஒரு பக்கம் ஆம்பள, இன்னொரு பக்கம் பொம்பள. அடி அகலமா இருந்தா பிறப்பு ஜாஸ்தி, மேல சட்டுனு குறுகினா ஆயுசு கம்மி, நடுவுல உப்பிட்டு இருந்தா வேலைக்குப் போற வயசுக்காரங்க அதிகம், எழுதிக்கோங்கன்னு சொல்லிட்டு இருந்தேன். எனக்கும் அப்படித்தான் எடுத்தாங்க, நானும் அப்படியே எடுத்தேன். உதாரணத்துக்கு ஜப்பானோட பிரமிடு ஒண்ணு, அஞ்சு அஞ்சு வயசா இல்லாம ஒவ்வொரு வயசுக்கும் தனித்தனி கோடு போட்டது, எல்லாருக்கும் பிரிண்ட் குடுத்திருந்தேன். கடைசி பெஞ்சு பையன் எந்திரிச்சு "மிஸ், இங்க மட்டும் யாரோ கடிச்சு வெச்ச மாதிரி இருக்கே, என்னது?"ன்னான். பாத்தா நெஜமாவே ஒரே ஒரு கோடு மட்டும் பொசுக்குனு உள்ள போயிருக்கு, ஆம்பள பக்கமும் பொம்பள பக்கமும். நான் யோசிக்கவே இல்ல, "பிரிண்ட் மிஸ்டேக்பா, உக்காரு"ன்னுட்டேன். அவனும் உக்காந்துட்டான்.

ராத்திரி தான் உறுத்துச்சு. மிஸ்டேக்குன்னா ரெண்டு பக்கமும் அதே வயசுல எப்படி வரும்? தேடினா அது 1966ல பொறந்தவங்களோட கோடு. ஹினோஎ உமா, அதாவது நெருப்புக் குதிரை வருஷம், 60 வருஷத்துக்கு ஒரு தடவ வரும், அந்த வருஷம் பொறக்கற பொண்ணு புருஷனுக்கு ஆகாதுன்னு அங்க ஒரு நம்பிக்கை. 1965ல 18 லட்சத்து சொச்சம் குழந்தைங்க, 1966ல 13.6 லட்சம், 1967ல 19 லட்சத்துக்கு மேல. போர் இல்ல, பஞ்சம் இல்ல, நோய் இல்ல. அப்புறம் தான் இன்னொண்ணு உறைச்சுது. பயம் பொண்ணு பொறந்துடுமோன்னு தான், ஆனா வெட்டு ஏன் ஆம்பள பக்கமும் விழுந்திருக்கு? வயித்துல இருக்கறது என்னன்னு முன்கூட்டியே பாக்க வழியில்லாத காலம், அதனால குழந்தையவே அடுத்த வருஷத்துக்கு தள்ளிட்டாங்க. 1906ம் அதே குதிரை வருஷம் தான், ஆனா அப்போ பிறப்பு கொறஞ்சது ரொம்ப கொஞ்சம். நம்பிக்கை அப்பவும் இருந்துச்சு, தள்ளிப்போட வழி தான் கையில இல்ல. ஒரே ஒரு கோட்டுக்குள்ள ஜாதக பயம், கல்யாண சந்தை, குடும்பக் கட்டுப்பாடு மூணும் உக்காந்திருக்கு, மானிட புவியியல்னா இது தானே, நான் அதப் போய் பிரிண்ட் மிஸ்டேக்குன்னு சொல்லி அந்தப் பையனோட வாய அடைச்சேன்.

அன்னிலேர்ந்து எனக்கு ஒரே ஒரு கட்சி தான். மேப்பையோ கிராஃபையோ முடிச்சு கையில குடுக்காதீங்க. ஒரே டேட்டாவ பசங்க கையால ரெண்டு விதமா வரைய வைங்க. ரெண்டும் வேற வேற கதை சொல்லட்டும், அவங்களே அடிச்சுக்கட்டும்.

ஈஸியான சாம்பிள் உலக மக்கள் தொகை. கிளாஸ ரெண்டா பிரிச்சு ஒரு பக்கத்துக்கு மொத்த எண்ணிக்கை குடுப்பேன். 1927 வாக்குல 200 கோடி, 1960ல 300, 1987ல 500, 2011ல 700, 2022ல 800 கோடி. வரைஞ்சா ராக்கெட் மாதிரி ஏறும். இன்னொரு பக்கத்துக்கு வருஷா வருஷம் எத்தன சதவீதம் கூடுதுங்கறது மட்டும். 1960கள்ல 2 சதவீதத்த தொட்டுட்டு அப்புறம் இறங்கு இறங்குன்னு இறங்கி இப்போ 1க்கும் கீழ. முதல் கோஷ்டி "மிஸ் எல்லாரும் காலி"ங்கும், ரெண்டாவது கோஷ்டி "அதெல்லாம் எப்பவோ முடிஞ்ச பிரச்சனை"ங்கும். யாரும் பொய் சொல்லல, டேட்டாவும் ஒண்ணு தான். நான் வாயத் திறக்கறதில்ல, சத்தம் பக்கத்து கிளாஸ் வரைக்கும் போகும், அதுக்கு தனியா திட்டு வாங்கியிருக்கேன் அது வேற கதை.

மேப்புக்கு எகிப்து. சுமார் 10 லட்சம் சதுர கிலோமீட்டர், 10 கோடிக்கு மேல ஜனம், வகுத்தா சதுர கிலோமீட்டருக்கு 100 பேர் சொச்சம். உலக மேப்புல கலர் அடிச்சா சாதுவான ஒரு நடுத்தர கலர் வரும், பாத்தா நெரிசலே இல்லாத நாடு போல இருக்கும். அதே ஜனத்த அவங்கவங்க இருக்கற எடத்துல புள்ளியா வைங்கடான்னு சொன்னா, நைல் ஓரமா ஒரு கோடு, வடக்க டெல்டாவுல ஒரு விசிறி, மத்ததெல்லாம் வெள்ளப் பேப்பர். நூத்துக்கு 95 பேர் கிட்டத்தட்ட 5 சதவீத நிலத்துல. புள்ளி வைக்க எடமே பத்தல மிஸ்னு ஒரு பொண்ணு பென்சில அழுத்தி அழுத்தி பேப்பரே கிழிஞ்சு போச்சு. சராசரின்னா என்ன, அது எத மறைக்கும்னு நான் நாலு பீரியட் பேசியிருந்தாலும் அந்த ஓட்டை சொன்ன அளவுக்கு சொல்லியிருக்க மாட்டேன்.

இதயே ஸ்மார்ட் போர்டுல ரெண்டு கிளிக்ல பண்ணலாமேன்னு கேப்பீங்க. பண்ணலாம் தான். ஆனா அஞ்சு கலரா பிரிக்கறதா ஏழா, எந்த நம்பர்ல ஒரு கலர வெட்டி அடுத்தத ஆரம்பிக்கறதுன்னு சாஃப்ட்வேரே முடிவு பண்ணிடும், அப்படி ஒரு முடிவு நடந்ததே பசங்களுக்குத் தெரியாது. வெட்டற நம்பர கொஞ்சம் மாத்தினா போதும், ஏழை மாவட்டம் சுமாரான மாவட்டமா ஆயிடும். லண்டன்ல சார்லஸ் பூத்னு ஒரு ஆய்வாளர் 1889ல தெருத்தெருவா கலர் அடிச்சு வறுமை மேப் போட்டார்ல, அதுல பணக்காரங்களுக்கு மஞ்சள், ஆக அடியில இருக்கறவங்களுக்கு கருப்பு, அந்த கருப்புக்கு லெஜண்டுல, அதான் எந்த கலருக்கு என்ன அர்த்தம்ங்கற குறிப்புல, பாதி குற்றவாளிங்கங்கற மாதிரியே எழுதியிருக்கும். வருமானத்த காட்டுற மேப்புல குணத்துக்கு சர்டிஃபிகேட் எதுக்கு? லெஜண்ட படிக்காம மேப்ப படிக்கக் கூடாதுங்கறதுக்கு இத விட நல்ல உதாரணம் எனக்கு கிடைக்கல.

டாக்டர் ஜான் ஸ்னோ கதைய பத்தியும் ஒரு வார்த்த. எல்லாரும் எடுக்கறோம், 1854, லண்டன், காலரா, செத்தவங்க எங்கெங்கன்னு மேப் போட்டார், நோய பரப்பின தெருத் தண்ணி பம்ப கண்டுபுடிச்சார், கைதட்டு. தப்பு. அவருக்கு தண்ணி மேல சந்தேகம் முன்னாடியே இருந்துச்சு, வீடு வீடா போய் யார் எங்க தண்ணி எடுத்தாங்கன்னு கேட்டார், பம்போட கைப்பிடிய செப்டம்பர் 8ந்தேதி கழட்டினாங்க, மேப் அச்சுல வந்தது அதுக்கப்புறம் தான். எனக்கு அந்த மேப்புல புடிச்சதே சாவு குவிஞ்ச எடம் இல்ல, சாவு இல்லாத எடம். பம்புக்கு பக்கத்துலயே ஒரு பீர் ஆலை, அங்க வேலை பாத்தவங்க யாரும் காலராவுல சாகல. ஏன்னு பசங்கள விட்டா காத்து, உடம்பு வலு, சாமி புண்ணியம்னு என்னென்னவோ வரும், அவங்களுக்கு குடிக்க பீர் கிடைச்சுது பம்பு தண்ணி பக்கமே போகலன்னு யாராவது ஒருத்தர் வந்து சேர இருபது நிமிஷம் ஆகும். அந்த இருபது நிமிஷம் தான் பாடம்னு நான் நெனைக்கிறேன்.

பூமிய தட்டையா விரிச்சுக் காட்டற மெர்கேட்டர் மேப்புல கிரீன்லாந்து ஆப்பிரிக்கா சைஸுக்கு தெரியும், நெஜத்துல ஆப்பிரிக்கா 14 மடங்கு பெருசுங்கறத எல்லாரும் சொல்லியாச்சு, அத விட்டுடறேன்.

போர்ஷன் எப்படி முடிப்பன்னு கேக்கறவங்களுக்கு, உண்மைய சொல்றேன், சில வருஷம் கடைசி ரெண்டு பாடத்த ஓட ஓட தான் முடிச்சிருக்கேன். பரீட்சைல "பிரமிடின் வகைகள் யாவை"ன்னு தான் கேப்பாங்க, கடிச்ச எடத்த பத்தி யாரும் கேக்க மாட்டாங்க. அதுக்கும் அவங்கள தயார் பண்றேன், ரெண்டு நாள்ல மனப்பாடம் ஆயிடும், அது ஒரு விஷயமே இல்ல.

இப்போ ஜப்பான் பிரமிடு குடுக்கும்போது நான் முதல்ல எதுவும் சொல்றதில்ல, யாராவது அந்த வெட்ட பாப்பாங்களான்னு காத்துட்டு இருப்பேன். பாத்துட்டாங்கன்னா அடுத்த கேள்வி: 1966க்கு அடுத்த நெருப்புக் குதிரை வருஷம் 2026, அதுலயும் வெட்டு விழுமா, காரணத்தோட ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. கட்டா வாங்கி பீரோல வெச்சிருக்கேன். பாதி பேர் விழும், பாதி பேர் இந்தக் காலத்துல யார் நம்பறான்னு எழுதியிருக்காங்க. ஒருத்தி மட்டும் பிரமிடோட அடிய ஸ்கேல் வெச்சு அளந்து பாத்துட்டு ஒரே வரி எழுதியிருந்தா: "அடியே இவ்ளோ ஒல்லியா இருக்கு மிஸ், கடிக்கறதுக்கு என்ன மிச்சம் இருக்கு?"