நின்று திரும்பி வந்த மனிதர்

அக்கா மகன் மேல்படிப்புக்கு ஜெர்மனி போய் ஒரு மாதம் ஆகிறது. போன வாரம் போனில், "சித்தி, வாய் திறந்து பேசியே நாலு நாள் ஆச்சு" என்றான். அழவில்லை, சும்மா தகவல் மாதிரிதான் சொன்னான். அன்றிலிருந்து எனக்கு ஹாரி எட்மண்ட்ஸ் ஞாபகமாகவே இருக்கிறது. இவரைப் பற்றி நம்மில் நிறையப் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1909, இலையுதிர் காலத்தில் ஒரு குளிர்ந்த காலை. எட்மண்ட்ஸ் அப்போது நியூயார்க்கில் ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்த இளைஞர். கொலம்பியா பல்கலைக்கழக நூலகப் படிகளில் ஏறிக்கொண்டிருக்கிறார், எதிரே ஒரு சீன மாணவர் இறங்கி வருகிறார். போகிற போக்கில் ஒரு குட் மார்னிங் சொல்லிவிட்டு மேலே போனவர், அந்த மாணவர் அப்படியே நின்றுவிட்டதைக் கவனித்து, திரும்பிக் கீழே வந்தார். நியூயார்க் வந்து மூன்று வாரம் ஆகிறது, என்னிடம் பேசிய முதல் ஆள் நீங்கள்தான் என்றாராம் அந்த மாணவர்.

மூன்று வாரம்! சீனத் தொழிலாளர்கள் உள்ளே வருவதையே 1882-லிருந்து சட்டம் போட்டுத் தடுத்து வைத்திருந்த நாடு அது. மாணவர்களுக்கு அந்தத் தடை கிடையாதுதான், ஆனால் தெருவில் முகத்தை மட்டும் பார்த்து ஒதுங்கிப் போகிறவர்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

எட்மண்ட்ஸ் வீட்டுக்குப் போய் மனைவி ஃப்ளோரன்ஸிடம் இதைச் சொன்னார். நாம் ஏதாவது செய்யக் கூடாதா என்று கேட்டது ஃப்ளோரன்ஸ்தான். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு வெளிநாட்டு மாணவர்களை வீட்டுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஹாரியைத்தான் கொண்டாடுவார்கள். என்னைக் கேட்டால் பாதிப் புகழ் ஃப்ளோரன்ஸுக்குப் போக வேண்டும். முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கு வாராவாரம் வீட்டைத் திறந்து வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று வீட்டில் விருந்து சமைத்த யாருக்கும் தெரியும்.

வந்தவர்கள் பெருகப் பெருக வீடு போதவில்லை. சங்கம் ஒன்று உருவானது. அப்புறம் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் பணம் கொடுக்க முன்வந்தார், 1924-ல் நியூயார்க் ரிவர்சைடு டிரைவில் பல நாட்டு மாணவர்களும் சேர்ந்து தங்கும் விடுதியாக இன்டர்நேஷனல் ஹவுஸ் எழுந்தது. ஒரு குட் மார்னிங்கிலிருந்து அந்தக் கட்டடத்துக்கு வந்து சேர 15 வருடம் ஆகியிருக்கிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது பெர்க்லி கதை. கலிஃபோர்னியாவில் இதே போல் ஒன்று கட்ட இடம் பார்த்தபோது எட்மண்ட்ஸ் வேண்டுமென்றே பீட்மாண்ட் அவென்யூவைத் தேர்ந்தெடுத்தார். வெளிநாட்டவரையும் வெள்ளையரல்லாதவரையும் சேர்க்காத மாணவர் சங்க வீடுகள் வரிசையாக இருந்த தெரு அது. ஒதுக்குப்புறமாக ஓர் இடம் வாங்கியிருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். இங்கேயோ ஊரே எழுந்துவிட்டது. ஆணும் பெண்ணும் ஒரே கட்டடத்திலா, வெள்ளையர்களும் மற்றவர்களும் ஒரே கூரையின் கீழா என்று 800 பேருக்கு மேல் திரண்டு வந்து எதிர்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று இந்த விடுதி வேண்டும் என்று பேசியவர் டிலைலா பீஸ்லி என்ற கறுப்பினப் பத்திரிகையாளர். நினைத்துப் பாருங்கள், 1920-களில், அத்தனை கோபத்துக்கு நடுவில், ஒரு கறுப்பினப் பெண். 1930-ல் விடுதி திறந்தது, இன்றும் அதே தெருவில் இருக்கிறது. சிகாகோவில் 1932-ல் இன்னொன்று. எட்மண்ட்ஸ் 1979-ல், தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு காலமானார்.

சரி, இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் அக்கா மகன் மட்டும் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களுக்கு வாடகைக்கு வீடு தர மறுக்கிறோம், பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருகிறோம், தெரியாமல் போட்டோ எடுக்கிறோம். நம் பிள்ளை போன ஊரில் யாராவது அவனிடம் நாலு வார்த்தை பேச மாட்டார்களா என்று ஏங்குகிற நாம்தான் இதைச் செய்கிறோம். எனக்கு இது பொறுக்கவே இல்லை. நானும் இதே ஊரில் இத்தனை வருடம் பார்த்துக்கொண்டு பேசாமல் போனவள்தான், அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

போன சனிக்கிழமை மளிகைக் கடையில் தான்சானியாவிலிருந்து வந்த ஒரு பெண் மாவு கேட்டுக்கொண்டிருந்தாள். கடைக்காரர் சூப் கெட்டியாக்கப் போடுகிற கார்ன்ஃப்ளவர் பாக்கெட்டை எடுத்து நீட்ட, அவள் இது இல்லை இது இல்லை என்று தலையாட்டுகிறாள். நான் பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டு, மறுபடி உள்ளே போய் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். உகாலி என்றாள். மக்காச்சோள மாவைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கெட்டியாகக் கிண்டுவார்களாம். அட, நம் களிதானே அது! அவள் ஊரில் வெள்ளை மக்காச்சோளத்தில் செய்வார்களாம், மஞ்சளாக இருந்தாலும் பரவாயில்லை என்றாள்.

நேற்று மில்லில் இரண்டு கிலோ மக்காச்சோளம் அரைத்து வாங்கி வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவளும் அவள் அறைத் தோழிகள் இரண்டு பேரும் வருகிறார்கள். அவள்தான் கிண்டப் போகிறாள். தொட்டுக்கொள்ளக் கீரை வேண்டும் என்றாள், நான் கடைந்து வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.